கரைகளின் கதை – 9: வெஸ்பாவில் போன மேயர்

ஸ்பெயினின் மத்தியதரைக் கடலோரத்தில் சொத்துப் பாகம் பிரிக்க ஒரு பழைய கணக்கு இருந்தது. மலையடிவாரத்தில் ஆலிவும் பாதாமும் காய்க்கிற நிலம் மூத்தவனுக்கு. கடலோர மணல் இளையவனுக்கோ பெண்பிள்ளைக்கோ. மணலில் எதுவும் விளையாது. உப்புக்காற்று நட்டதையும் கருக்கிவிடும். போதாக்குறைக்கு, வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர்கள் பல காலம் வந்து இறங்கியதும் அதே மணலில்தான். அவர்களை எட்டத்திலேயே பார்த்துவிடக் கட்டிய காவல் கோபுரங்கள் இன்றும் அந்தக் கரை நெடுக நிற்கின்றன. விவரமான ஊர்கள் கடலை விட்டு விலகி மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

1960-களில் கணக்கு தலைகீழானது. ஓட்டல் கட்ட வந்தவர்கள் ஆலிவ் தோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; மணலைத்தான் கேட்டார்கள். தம்பி தங்கைகள் பணக்காரர்கள் ஆனார்கள். மயோர்க்கா தீவிலிருந்து மாலகா வரை, இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டோ வயிறெரிந்தோ சொல்கிற குடும்பங்கள் உண்டு.

சென்ற அத்தியாயத்தில் பிரைட்டனைப் பார்த்தோம். ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற 18-ஆம் நூற்றாண்டு மருத்துவர், நோயாளிகளைக் கடல்நீரில் முங்கச் சொன்னார், அதைக் குடிக்கவும் சொன்னார். மீன்பிடி ஊர் ஒன்று பிரபுக்களின் ஊரானது. அங்கே பிள்ளையார் சுழி போட்டது வைத்தியம். ஸ்பெயினில் அதைப் போட்டது காலி கஜானா. வெயிலும் மணலும் ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே இருந்தவைதான். அவற்றை விற்றே தீர வேண்டிய நெருக்கடி 1950-களில்தான் வந்தது.

*

அலிகாந்தே மாகாணத்தில் பெனிடோர்ம் என்று ஓர் ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனை. அதன்மேல் தேவாலயமும் வெள்ளையடித்த வீடுகளும். முனைக்கு இந்தப் பக்கம் லெவாந்தே, அந்தப் பக்கம் போனியந்தே என்று பிறை வடிவில் இரண்டு மணற்கரைகள். இரண்டும் சேர்ந்தால் ஐந்து கிலோமீட்டர் வரும். முதுகுப்பக்கம் சுமார் 1,400 மீட்டர் உயரத்துக்குப் பூயிக் கம்பானா மலை நின்று வாடைக்காற்றைத் தடுத்துக்கொள்ளும். 1950-இல் ஊரின் மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடவில்லை.

சிறிய ஊர்தான். ஆனால் சூரை மீன் பிடிப்பவர்கள் மத்தியில் அதற்குத் தனி மரியாதை இருந்தது. காரணம் 'அல்மத்ராபா'. நம் கரைவலை மாதிரி வளைத்து இழுப்பதல்ல இது. கடலடியில் நங்கூரம் பாய்ச்சி நிறுத்திய வலைக்கோட்டை. ஆண்டுதோறும் வசந்த காலத்தில் அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் முட்டையிட வரும் சூரைக்கூட்டம் கரையை ஒட்டியே நீந்தும். நீண்ட வலைச்சுவர் ஒன்று அதன் வழியை மறிக்கும். மறிபட்ட மீன் ஆழ்கடல் பக்கம் திரும்பும். அந்தப் பக்கம்தான் கோட்டையின் வாசல். ஓர் அறை, அதற்கடுத்த அறை, அதற்கும் அடுத்தது. கடைசி அறைக்கு மட்டும் அடியிலும் வலை இருக்கும். சுற்றிலும் படகுகளை நிறுத்தி அந்த அடிவலையைக் கைகளால் தூக்கத் தூக்க, தூக்குகிற ஆளைவிட எடை கூடிய மீன்கள் மேலே வந்து கொந்தளிக்கும். கொக்கி போட்டு இழுத்துப் படகில் தள்ளுவார்கள்.

இந்தக் கோட்டையை எங்கே கட்டுவது, எந்த நீரோட்டத்துக்கு எந்தக் கோணத்தில் சுவரை நிறுத்துவது, எப்போது அடிவலையைத் தூக்குவது எல்லாமே 'அராயெஸ்' எனப்படும் தலைவரின் பொறுப்பு. அந்த வேலைக்கு பெனிடோர்ம்காரர்கள்தான் வேண்டும் என்று போர்ச்சுக்கலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். மற்ற ஆண்கள் சரக்குக் கப்பலில். மாதக்கணக்கில் ஊரில் ஆண்வாடையே இருக்காது. நிலமும் வீடும் கணக்கும் பெண்கள் கையில்.

1950-களின் தொடக்கத்தில் ஊரின் சொந்த அல்மத்ராபா நின்றுபோனது. வலை கட்டிய கைகள் சும்மா இருந்தன. அந்த நேரத்தில்தான் பெத்ரோ சரகோசா ஓர்ட்ஸ் என்ற உள்ளூர் இளைஞர் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். வயது 28. எந்தக் கட்சி, எத்தனை ஓட்டு என்று கேட்கக் கூடாது. பிராங்கோவின் ஸ்பெயினில் மேயரை மேலிடம் நியமிக்கும்.

*

பிராங்கோவின் ஸ்பெயின் எப்படி இருந்தது? உள்நாட்டுப் போர் 1939-இல் முடிந்தது. ஹிட்லர், முசோலினி இருவரின் கைத்தாங்கலில் ஜெயித்த அந்த ஆட்சியை, உலகப் போர் முடிந்ததும் யாரும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று 1946-இல் ஐ.நா. தன் உறுப்பு நாடுகளுக்குச் சொன்னது. ஐரோப்பாவுக்கு அமெரிக்கா வாரி வழங்கிய மார்ஷல் திட்டத்தில் ஸ்பெயினுக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம் என்று பிராங்கோ பிடித்த தற்சார்புக் கொள்கை நாட்டைப் பட்டினி போட்டது. ரேஷன் அட்டை 1952 வரை இருந்தது. பெட்ரோலும் கோதுமையும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். வாங்க அந்நியச் செலாவணி இல்லை.

ஒழுக்கத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. கடலில் குளித்துவிட்டு வெளியே வந்ததும் மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும்; மணலில் குளியல் உடையோடு திரியக் கூடாது; மீறினால் அபராதம். கடற்கரையிலும் நீச்சல்குளத்திலும் ஒழுக்கத்தைக் காப்பது எப்படி என்று ஆராய 1951-இல் வலென்சியாவில் ஒரு தேசிய மாநாடே கூட்டினார்கள். அதே 1951-இல்தான் அரசு ஒரு புதிய அமைச்சகத்தையும் தொடங்கியது: செய்தி மற்றும் சுற்றுலா. முதல் அமைச்சர் கப்ரியேல் அரியாஸ்-சல்காதோ தணிக்கையில் கடும் பிடிவாதக்காரர். வெளிநாட்டானை உள்ளே அழைக்கிற வேலையும் வெளிநாட்டுச் சிந்தனையை வாசலிலேயே நிறுத்துகிற வேலையும் ஒரே மேசைக்கு! இந்தக் கூத்தை யோசித்தவருக்குக் கொஞ்சம் நகைச்சுவை உணர்வும் இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் பிகினி வருகிறது. பாரிஸில் லூயி ரேயார் அதை அறிமுகப்படுத்தியது 1946-இல். சில ஆண்டுகளில் வடக்கிலிருந்து பெனிடோர்முக்கு வந்த பெண்கள் சிலர் அதை உடுத்திக்கொண்டு மணலில் படுத்தார்கள். காவலர்கள் வந்தார்கள். தகராறு. சரகோசா கணக்குப் போட்டார்: வடநாட்டுக்காரி தெற்கே வருவதே உடம்பில் வெயில் படத்தான், போர்த்திக்கொள் என்றால் அடுத்த வருஷம் இத்தாலிக்குப் போய்விடுவாள். 1953 வாக்கில், பெனிடோர்மில் பிகினி உடுத்தலாம், உடுத்தியவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று நகராட்சி உத்தரவு போட்டதாக அவர் சொல்வார். வலென்சியா பேராயர் தரப்பு அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்கும் நடவடிக்கையில் இறங்கியது. அந்தக் காலத்து ஸ்பெயினில் அதற்கு, பதவியும் எதிர்காலமும் போய்விடும் என்று பொருள்.

சரகோசா விடிவதற்கு முன்னால் எழுந்து தன் வெஸ்பா ஸ்கூட்டரை உதைத்தார். மாட்ரிட் சுமார் 450 கிலோமீட்டர். அன்றைய ஸ்பானியச் சாலையில், அந்தச் சின்னச் சக்கரங்களில், ஒன்பது மணி நேரம். எண்ணெய்க் கறை படிந்த கால்சட்டையோடு சர்வாதிகாரியின் முன்னால் போய் நின்றார். ரயிலில் வந்தீரா, விமானத்திலா என்று பிராங்கோ விசாரித்தாராம். வெஸ்பாவில் என்றதும் அசந்துபோனாராம். விலக்கி வைக்கும் பேச்சு அதோடு அடங்கியது. பிராங்கோவின் மனைவி கார்மென் போலோ பிறகு பெனிடோர்முக்கு விருந்தாளியாகவே வந்தார்.

இந்தக் கதையின் பெரும்பகுதிக்குச் சரகோசாவே சாட்சி. 2008-இல் இறக்கும்வரை பேட்டி கேட்டு வந்த எல்லோருக்கும் அலுக்காமல் சொன்னார்; சொல்லச் சொல்ல மெருகும் ஏறியிருக்கும். என் கணக்கில், பிராங்கோவை இளகவைத்தது கறை படிந்த கால்சட்டை அல்ல. 1953-இல் அவர் கையெழுத்திட்ட இரண்டு ஒப்பந்தங்களைப் பாருங்கள். ஒன்று வத்திக்கானோடு, திருச்சபைக்குச் சலுகைகள். மற்றது வாஷிங்டனோடு, அமெரிக்க ராணுவத் தளங்களுக்கு இடம், பதிலுக்கு டாலர். ஒரு கை சிலுவை போட்டுக்கொள்ள, மறு கை பணம் எண்ணியது. பெனிடோர்ம் மேயர் அந்த இரண்டாவது கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

*

வெஸ்பா கதை புகழ்பெற்றுவிட்டதால் சரகோசாவின் உண்மையான சாதனை மறைந்துபோனது. 1956-இல் அவர் ஊருக்கு ஒரு முழு நகரமைப்புத் திட்டம் போட்டார். சாக்கடையே சரியாக இல்லாத மீன்பிடி ஊரில், பாதாமும் ஆலிவும் நின்ற காலி நிலத்தின்மேல் அகலமான நேர்ச்சாலைகளைக் காகிதத்தில் கிழித்தார்கள். முதலில் நினைத்தது தோட்டத்தோடு கூடிய தாழ்வான வீடுகள். 1963-இல் அதைத் திருத்தி உயரக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் மேலே போ. ஆனால் உன் மனையின் பரப்புக்கு ஏற்ற கன அளவுக்குமேல் கட்டாதே, சுற்றிலும் இடம் விடு. கட்டுகிறவன் மேலே மேலே போனான். கீழே மிஞ்சிய தரையில் நீச்சல்குளமும் மரங்களும் வண்டி நிறுத்தவும் இடம் கிடைத்தது. கரை தெற்கே பார்த்திருப்பதால் கோபுரங்களின் நிழல் பெரும்பாலும் ஊர்ப்பக்கமே விழும், மணலில் விழாது.

பெனிடோர்மைப் பார்த்து முகம் சுளிக்காத ரசனைக்காரர்கள் குறைவு. மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு மன்ஹாட்டனா என்று கேட்பார்கள். அவர்களிடம் சண்டைக்குப் போன ஒருவர் உண்டு: சமூகவியலாளர் மரியோ கவிரியா. மலைச்சரிவு முழுக்க வில்லாவும் தனித்தனி நீச்சல்குளமும் ஆளுக்கொரு காருமாகப் பரவுகிற கடற்கரைகளைவிட, நெருக்கி உயரக் கட்டி, எல்லோரும் கடலுக்கு நடந்தே போகிற பெனிடோர்ம் குறைந்த நிலத்தில் குறைந்த தண்ணீரில் அதிகம் பேருக்கு இடம் கொடுக்கிறது என்று அவர் கடைசிவரை வாதாடினார். யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஊரைச் சேர்க்கும்படியும் கேட்டார். அவர் பக்கம்தான் நியாயம் அதிகம் என்பேன். அழகு வேறு விஷயம்.

ஊரைக் கட்டியாயிற்று, ஆள் வர வேண்டாமா? சரகோசா பிறவி விளம்பரக்காரர். பனி மூடிய வட ஐரோப்பாவுக்குப் பாதாம் பூங்கிளைகளை அனுப்பினார். லாப்லாந்துக்காரர்களை மரபு உடையோடேயே பெனிடோர்முக்கு அழைத்துவந்து பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிறுத்தினார். 1959-இல் பாட்டுப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். 1968-இல் அதில் ஜெயித்தவர் ஹூலியோ இக்லேசியாஸ். கார் விபத்தால் கால்பந்துக் கனவு போய், படுக்கையில் கிடார் கற்றுக்கொண்ட அந்த இளைஞரின் பாட்டு வாழ்க்கை இங்கேதான் தொடங்கியது.

*

ஆனாலும், பாதாம் பூவைப் பார்த்து லட்சம் பேர் கிளம்பிவிட மாட்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து இறக்கியது லண்டனில் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள்.

ராய்ட்டர்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ரஷ்யாவில் பிறந்த விளாதிமிர் ரைட்ஸ், 1950 மே மாதம் ஒரு டகோட்டா விமானத்தை வாடகைக்குப் பிடித்து கோர்சிகா தீவின் கால்வி ஊருக்கு ஆட்களை அழைத்துப் போனார். விமானம், கூடாரத்தில் தங்கல், இறைச்சியோடு சாப்பாடு, ஒயின் எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். அப்போது பக்கத்து நீஸ் நகருக்கு முறையான விமானச் சீட்டு மட்டுமே அதைப்போல் இரண்டு மடங்கு. போரில் மிஞ்சிய விமானங்கள், சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கத் தொடங்கிய தொழிலாளர்கள், மழையே ஓயாத இங்கிலாந்துக் கோடை. மூன்றும் சேர்ந்ததும் ஒரு தொழில் பிறந்துவிட்டது. சில ஆண்டுகளில் அந்த விமானங்கள் ஸ்பெயினுக்குத் திரும்பின.

1959-இல் பிராங்கோ தற்சார்புக் கொள்கையைக் கைகழுவினார். டாலருக்கு 42 என்றிருந்த பெசேட்டாவை ஒரே அடியாக 60-க்கு இறக்கினார்கள். ஒரே நாளில் ஸ்பெயின் வெளிநாட்டானுக்கு மலிவாகிவிட்டது. ஆனால் ஓட்டல் கட்ட உள்ளூரில் யாரிடம் முதல் இருந்தது? இங்கேதான் லண்டன், பிராங்க்பர்ட் சுற்றுலா நிறுவனங்கள் உள்ளே வந்தன. கட்டி முடிக்க முன்பணம் இந்தா. பதிலுக்கு உன் படுக்கைகள் எல்லாம் இத்தனை வருஷத்துக்கு, இந்த விலைக்கு, எனக்கு. நேற்றுவரை வலை தைத்தவரும் மளிகைக்கடை வைத்திருந்தவரும் கையெழுத்துப் போட்டு எட்டு மாடி ஓட்டலுக்கு முதலாளி ஆனார்கள். ஆனால் ஒரு படுக்கைக்கு என்ன விலை என்பதை முடிவு செய்தது அவர்களல்ல. விலைவாசி ஏறியபோது கையைக் கடித்தது. சாப்பாட்டில் குறைத்தார்கள், ஆளில் குறைத்தார்கள், ஒரே அறையை இரண்டு பேருக்கு விற்றார்கள். பக்கத்து மனையில் கான்கிரீட் கலக்கும் சத்தம் கேட்டபடியே எத்தனையோ ஆங்கிலேயர் தங்கள் முதல் வெளிநாட்டு விடுமுறையைக் கழித்தார்கள்.

1960-இல் ஸ்பெயினுக்கு வந்தவர்கள் சுமார் 60 லட்சம் பேர். 1973-இல் 3.4 கோடி, ஏறக்குறைய நாட்டின் மக்கள்தொகை அளவுக்கு. அவர்கள் கொட்டிய பணம் வணிகப் பற்றாக்குறையின் பெரும்பகுதியை அடைத்தது. மிச்சத்தை அடைத்தது வேறொரு கூட்டம். அதே ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பானியர்கள் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் கூலி வேலைக்குப் போய் மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மானியத் தொழிலாளி வெயில் காயத் தெற்கே வந்தான். ஸ்பானிய விவசாயி அவனுடைய தொழிற்சாலைக்கு வடக்கே போனான். வடக்கே போக முடியாதவர்கள் உள்நாட்டு வறண்ட கிராமங்களிலிருந்து கடற்கரைக்கு வந்து ஓட்டலில் படுக்கை விரித்தார்கள், தட்டு கழுவினார்கள். 1968-இல் சுற்றுலா ஒரு மாபெரும் கண்டுபிடிப்பு என்ற பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நகைச்சுவைப் படம் வெளிவந்து ஓடியது. ஓர் ஏழைக் கிராமத்து மேயர் தன் ஊரையும் சுற்றுலாத் தலமாக்கத் துடிக்கும் கதை.

*

1962-இல் அமைச்சராக வந்த மனுவேல் பிராகா இந்த ஏற்பாட்டின் மதிப்பை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். எவ்வளவு என்பது 1966-இல் தெரிந்தது.

அந்த ஆண்டு ஜனவரி 17. அல்மேரியா மாகாணத்தின் பாலோமாரெஸ் கிராமத்துக்கு மேலே, அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் நடுவானில் எரிபொருள் நிரப்பும்போது நிரப்பவந்த விமானத்தோடு மோதிச் சிதறியது. ஏழு விமானப்படையினர் இறந்தார்கள். பி-52-இல் இருந்தவை நான்கு ஹைட்ரஜன் குண்டுகள். மூன்று நிலத்தில் விழுந்தன. அவற்றில் இரண்டில் சாதாரண வெடிமருந்து வெடித்து, தக்காளி வயல்களின்மேல் புளூட்டோனியம் தூவியது. நான்காவதைக் காணோம்.

பிரான்சிஸ்கோ சிமோ ஓர்ட்ஸ் என்ற மீனவர், பாராசூட்டில் ஏதோ ஒன்று கடலில் இறங்கியதைப் பார்த்தேன், இடம் இதுதான் என்றார். கரையிலுள்ள அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் குறிக்கிற மீனவனின் கணக்கை அமெரிக்கக் கடற்படை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பல் கப்பலாக இறக்கித் தேடியது. கடைசியில் அவர் சொன்ன பக்கமே ஆல்வின் என்ற ஆழ்கடல் கலம் குண்டைக் கண்டது. ஏப்ரல் 7-இல்தான் மேலே தூக்க முடிந்தது.

இந்த எண்பது நாளும் பிராகாவின் கவலை கோடைக்கால முன்பதிவு. கடலில் அணுகுண்டு கிடக்கிற நாட்டுக்கு யார் குளிக்க வருவார்கள்? மார்ச் 8-ஆம் தேதி, குளிர் விடாத கடலில், அமெரிக்கத் தூதர் ஆஞ்சியர் பிடில் டியூக் இறங்கினார். முதல் முழுக்கு பாலோமாரெஸில்கூட அல்ல, சற்றுத் தள்ளி மொஹாகாரில். பிறகு பாலோமாரெஸில் தொளதொளத்த அரைக்கால் சட்டையோடு பிராகாவும் சேர்ந்துகொண்டார். கேமராக்கள் சுழன்றன. தொப்பையோடு அலைக்குக் கையசைக்கும் அமைச்சரின் படம் உலகம் சுற்றியது. கோடை தப்பித்தது. வயல்களிலிருந்து வாரிய மண்ணில் சுமார் 1,400 டன்னைப் பீப்பாய்களில் அடைத்து அமெரிக்காவின் தென் கரோலினாவுக்குக் கப்பலேற்றினார்கள். வாராமல் விட்ட மண்ணை எடுத்துப்போவது பற்றி 2015-இல் இரு நாடுகளும் ஓர் இசைவுக் கடிதத்தில் கையெழுத்திட்டன. பாலோமாரெஸில் வேலியடைத்த நிலம் அப்படியேதான் இருக்கிறது.

*

தெற்கே மாலகா மாகாணத்தின் கோஸ்டா தெல் சோல் கரை வேறு வழியில் போனது. அதற்குத் தனி அத்தியாயம் எழுதலாம். இங்கே இரண்டு ஊர் மட்டும். டோரமொலினோஸில் பெஸ் எஸ்பாதா ஓட்டல் 1959-இல் திறந்தது. சினிமாக்காரர்களும் பணக்காரர்களும் வந்தார்கள். பின்னாலேயே, பிராங்கோவின் ஸ்பெயினில் வேறெங்கும் மூச்சுவிட முடியாத ஓரினக் காதலர்களும் வந்தார்கள். பசாஹே பெகோன்யா என்ற சந்தின் மதுக்கடைகளில் அரசு பல காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. 1971 ஜூன் 24 இரவு திடீரென்று கண்ணைத் திறந்து, ஒரே சோதனையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. பிகினிக்குக் கிடைத்த மன்னிப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

மற்றது மார்பேயா. 1954-இல் இளவரசர் அல்போன்சோ ஹோகன்லோவே குடும்பப் பண்ணையை மார்பேயா கிளப் ஓட்டலாக்கினார். ஐரோப்பிய அரச குடும்பங்களும் பின்னால் அரபு ஷேக்குகளும் வந்திறங்கிய ஊர் அது. அங்கே சரகோசா போட்டதைப் போன்ற கோடுகள் பொருட்படுத்தப்படவில்லை. 1991-இல் மேயரான ஹெசூஸ் கில், அத்லெத்திகோ மாட்ரிட் கால்பந்து அணியின் தலைவர், கட்டுமான முதலாளி. யார் எங்கே கட்டலாம் என்பதற்கு அவர் காலத்தில் விதியைவிட விலை முக்கியமானது. 2002-இல் நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. அவருடைய நகரமைப்பு ஆலோசகர் ஹுவான் அந்தோனியோ ரோகா பின்னும் தொடர்ந்தார். 2006-இல் போலீஸ் அவர் வீட்டைச் சோதித்தபோது குளியலறையில் மிரோவின் ஓவியம் தொங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்த ஏப்ரலில் அரசு மார்பேயா நகராட்சியையே கலைத்தது. ஜனநாயக ஸ்பெயினில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

பெனிடோர்முக்கும் அடி விழாமலில்லை. 1973 எண்ணெய் நெருக்கடி. 1974 ஆகஸ்டில் பிரிட்டனின் கோர்ட் லைன் நிறுவனம் கவிழ்ந்து பல்லாயிரம் பேர் வெளிநாடுகளில் தவித்தார்கள். 1978 வறட்சியில் கப்பலில் தண்ணீர் கொண்டுவந்து ஊருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. குளிர்காலத்தில் ஓட்டல்கள் மூடிவிடும், வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்ற சிக்கலுக்கு 1985-இல் அரசு ஒரு வழி கண்டது. ஓய்வூதியக்காரர்களுக்கு அரசு மானியத்தில் சீசன் இல்லாத மாதங்களில் கடற்கரைப் பயணம். ஜனவரியில் பெனிடோர்மின் நடைபாதையில் பிகினி தென்படாது. தாத்தா பாட்டிகள் ஸ்வெட்டரோடு ஜோடி ஜோடியாக நடப்பார்கள், மாலையில் ஓட்டல் கூடத்தில் நடனமாடுவார்கள். ஓட்டல்காரருக்கு லாபம் குறைவு, ஆனால் விளக்கு எரியும்.

2002-இல் 186 மீட்டர் உயரத்தில் பாலி ஓட்டல் திறந்தது. அதையும் தாண்டக் கிளம்பிய இன்டெம்போ என்ற 47 மாடி இரட்டைக் கோபுரம் நிதி நெருக்கடியில் மாட்டிப் பல ஆண்டு பாதியில் நின்றது. மின்தூக்கி வைக்கவே மறந்துவிட்டார்கள் என்று 2013-இல் ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பொய், மின்தூக்கி இருந்தது, பணம்தான் இல்லை. ஆனால் பெனிடோர்மைப் பற்றி எதைச் சொன்னாலும் உலகம் நம்பத் தயாராக இருந்தது. 2021-இல் கோபுரம் திறந்தது.

2024-இல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 9.4 கோடி. அதே ஆண்டு மாலகாவிலும் கானரித் தீவுகளிலும் பார்சிலோனாவிலும் உள்ளூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பயணிகளுக்கு நாள்வாடகைக்குப் போகிற வீடுகளால் தங்களுக்குக் குடியிருக்க வீடில்லை என்பது அவர்கள் புகார். பார்சிலோனாவில் சிலர் பயணிகள்மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள்.

ஸ்பெயினின் வெற்றியை அந்தக் காலத்தில் எல்லோரைவிடவும் எரிச்சலோடு பார்த்தது பக்கத்து வீட்டுக்காரர்தான். பாரிஸிலிருந்து கார் கிளப்பிய பிரெஞ்சுக் குடும்பங்கள் சொந்த நாட்டின் தெற்குக் கரையை நிற்காமல் கடந்து எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கரை முழுக்க உப்பங்கழி, சதுப்பு, கொசு. 1963-இல் டி கோல் அரசு ஒரு முடிவெடுத்தது: கொசுவை ஒழி, நிலத்தை யாருக்கும் சொல்லாமல் வாங்கு, பிரமிடு வடிவில் ஒரு புதிய ஊரையே கட்டு. லா கிராந்த்-மோத் எழுந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)